இரவுச் சாப்பாட்டுத் திட்டம்: ஆப், மீல் கிட், சமைத்த சாப்பாடு, நோட்டுப் புத்தகம் – உங்கள் வீட்டுக்கு எது?

வேலைக்குப் போய்வரும் இரண்டு பேர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கூடவே ஒரு பெரியவர் என்று இருக்கும் குடும்பத்தில் தினமும் கடைசி நேர இழுபறியாக இருப்பது இரவுச் சாப்பாடுதான். காலை உணவு பழக்கத்தில் ஓடிவிடும், மதியம் ஆளுக்கொரு இடத்தில் முடிந்துவிடும், இரவில் மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் பசியோடு ஒரே அடுப்பைப் பார்ப்பார்கள். இதை எளிதாக்கித் தருகிறோம் என்று ஏகப்பட்ட சேவைகள் வந்துவிட்டன. பணம் கட்டும் முன் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்கு மெனுவும் லிஸ்டும் போட்டுத் தரும் ஒரு ஆப் போதும், பெட்டியில் வரும் மீல் கிட் சில வீடுகளுக்கு மட்டும், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும்.

சாப்பாட்டுத் திட்டச் சேவை என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் வேறு வேறு சரக்குகள். வார மெனுவையும் அதற்கான மளிகை லிஸ்டையும் மட்டும் தருகிற ஆப் ஒரு வகை. சமையல் குறிப்போடு பொருள்களை அளந்து, பொட்டலம் கட்டி, குளிர்பெட்டியில் வைத்து வாசலுக்கு அனுப்புவது மீல் கிட். ஸ்வீடனில் 2007 வாக்கில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த வியாபாரத்தை 2011இல் பெர்லினில் பிறந்த ஹலோஃபிரெஷ்ஷும் 2012இல் நியூயார்க்கில் வந்த ப்ளூ ஏப்ரனும் பெரிதாக்கின. மூன்றாவது வகை சமைத்தே அனுப்பிவிடும், சூடு செய்தால் போதும். இவை தவிர சந்தா இல்லாத வழிகள் இரண்டு உண்டு: நீங்களே எழுதிவைக்கும் பட்டியல், அப்புறம் ஏஐ சாட்பாட்.

எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எந்த இடத்தில் முறிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டி, சமையல் தள்ளிப்போன அல்லது வெளியில் வாங்கிச் சாப்பிட்ட ஒவ்வொரு ராத்திரியும் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். என்ன செய்வது என்று யாரும் முடிவெடுக்கவில்லையா, முடிவெடுத்தும் வீட்டில் பொருள் இல்லையா, பொருள் இருந்தும் சமைக்க நேரமோ தெம்போ இல்லையா, சமைத்தும் பிள்ளைகள் சாப்பிடவில்லையா? இந்த நான்கும் நான்கு தனித்தனிப் பிரச்சினைகள். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் பணம்தான் போகும். முடிவெடுக்க முடியாத வீட்டுக்குச் சமைத்த சாப்பாட்டுச் சந்தா தேவைக்கு மீறிய செலவு. சமைக்கவே நேரமில்லாத வீட்டுக்கு எவ்வளவு அழகான மெனு ஆப்பும் வெறும் குற்ற உணர்ச்சியைத்தான் தரும்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இதை விளம்பரங்கள் சொல்வதே இல்லை. அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டை நடத்துவதில் உள்ள மனச்சுமையை நான்காகப் பிரித்தார்: வரப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தபடி நடக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் இருவரும் ஓரளவு சேர்ந்துகொள்கிறார்கள். உணர்வதும் கவனிப்பதும்தான் பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுகிறது என்பது அவர் கண்டது.

இதை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். எந்தச் சேவையாக இருந்தாலும் நடுவில் உள்ள இரண்டை, அதாவது தேடுவதையும் முடிவெடுப்பதையும்தான் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வியாழக்கிழமை ஒருவர் வர நேரமாகும், சின்னவளுக்கு வயிறு சரியில்லை, போன வாரம் வாங்கிய கீரை அடித்தட்டில் வாடிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் ஆப்புக்குத் தெரியாது. அதை யாரோ ஒருவர் தலையில் வைத்திருந்து ஆப்புக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒருவரின் போனில் மட்டும் சேவை இருந்தால், அவருக்கு இருந்த வேலைகளோடு சந்தாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்தது, அவ்வளவுதான். அதனால் நான் எந்தச் சேவையிலும் முதலில் தேடுவது சமையல் குறிப்புகளின் எண்ணிக்கையை அல்ல. வீட்டில் உள்ள எல்லோருடைய போனிலும் ஒரே மெனுவும் ஒரே லிஸ்டும் தெரியுமா, ஒருவர் கடையில் டிக் அடித்தால் இன்னொருவருக்கு உடனே தெரியுமா என்பதைத்தான். இது இல்லாத ஆப் மற்றபடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் குடும்பத்துக்கு ஆகாது.

ஆப் எதைச் செய்யும், எங்கே தடுமாறும்

ஆப்பின் பெரிய பலம், உங்களுக்குப் பழக்கமான சமையலை விட்டுவிட வேண்டியதில்லை என்பது. பாப்ரிகா, பிளான் டு ஈட் மாதிரியான ஆப்களில் உங்கள் குறிப்புகளை நீங்களே ஏற்றி, நாள்காட்டியில் இழுத்துப் போட்டால் லிஸ்ட் தானாக வந்துவிடும். முதலாவதை ஒருமுறை வாங்கினால் போதும், இரண்டாவதற்குச் சந்தா. மீலைம் போன்றவை அவர்களே மெனுவும் தருவார்கள், நீங்கள் ஒவ்வாமையையும் பிடிக்காததையும் சொல்லி வடிகட்டிக்கொள்ளலாம். வீட்டில் ஏற்கெனவே நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் இருந்தால் முதல் வகை, சமையல் யோசனையே வறண்டுபோய் ஒரே நாலைந்து சாப்பாடு சுற்றிச் சுற்றி வருகிற வீடென்றால் இரண்டாம் வகை.

சிக்கல்களும் உண்டு. இணையதளத்தில் இருக்கும் குறிப்பின் முகவரியைக் கொடுத்தால் ஆப் பொருள்களைத் தனியே பிரித்தெடுக்கும் என்பார்கள். அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் பொருள்களையும் செய்முறையையும் கணினிக்குப் புரியும் விதத்தில் குறித்துவைத்திருந்தால்தான் அது சரியாக நடக்கும். இல்லாவிட்டால் பாதி வரும், மீதியை நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டும். லிஸ்டைக் கூட்டுவதிலும் இப்படித்தான். இரண்டு குறிப்புகளில் இரண்டு வெங்காயம், ஒரு வெங்காயம் என்று இருந்தால் மூன்று என்று கூட்டிவிடும். ஒன்றில் ஒரு கப் நறுக்கிய வெங்காயம் என்று இருந்தால் அதைத் தனி வரியாகத்தான் காட்டும். அளவைப் பெருக்குவதும் அப்படியே. நான்கு பேருக்கான குறிப்பை எட்டு பேருக்கு என்று மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக் கொடுக்கும், தண்ணீரையும் சேர்த்து. பெரிய பாத்திரத்தில் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் தண்ணீர் ஆவியாகாது என்பதும், வேகும் நேரம் இரட்டிப்பாகாது என்பதும் அதற்குத் தெரியாது. சமைப்பவருக்குத் தெரியும், அதனால் இதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை. புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

நான் பெரிய குறையாக எண்ணுவது வேறொன்று. இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த குறிப்புகள் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. பிரபலமான யம்லியை 2017இல் வேர்ல்பூல் வாங்கியது, 2024 டிசம்பரில் அது மூடப்பட்டது. அதில் குறிப்புகளைச் சேமித்திருந்தவர்கள் அவசர அவசரமாக வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதனால் சேரும்போதே குறிப்புகளை மொத்தமாக வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவ்வப்போது எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையல் குறிப்பு என்பது பெரியவர்களிடமிருந்து வாங்கி, அளவு மாற்றி, ஓரத்தில் குறிப்பெழுதிச் சேர்த்தது. போனால் திரும்ப எழுத முடியாது.

ஒரு மெனு ஆப் உருப்படியானதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அது தரும் வாரத் திட்டத்தில் எந்த நாளில் எதை வைத்திருக்கிறது என்று பாருங்கள். வாரம் ஒருமுறை கடைக்குப் போகும் வீட்டில் மீன், பச்சைக் கோழி, அரைத்த இறைச்சி ஆகியவற்றை ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான் வைக்கலாம், அதற்கு மேல் போனால் ஃப்ரீசர்தான். இலைக் காய்களும் சீக்கிரம் வாடும். முட்டைகோஸ், கேரட், கிழங்கு, முட்டை, உலர்ந்த பயறு இவையெல்லாம் வாரக் கடைசி வரை தாங்கும். கடைக்குப் போன நாளுக்குப் பக்கத்தில் மீனையும் கீரையையும் வைத்து, கடைசி நாள்களுக்குக் கிழங்கையும் பயறையும் தள்ளும் திட்டத்தை யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். வெறுமனே குலுக்கிப் போட்ட ஏழு படங்களைத் தருவது திட்டமே அல்ல. அதே மாதிரி, ஞாயிறு வாங்கிய கொத்தமல்லிக் கட்டில் பாதி திங்கட்கிழமைக்குப் போனால் மீதி எந்த நாளில் தீரும் என்று திட்டம் சொல்ல வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வீணாகும் உணவில் பெரும்பங்கு வீடுகளில்தான் வீணாகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக வீணான 105 கோடி டன் உணவில் சுமார் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது, சராசரியாக ஆளுக்கு வருடத்துக்கு 79 கிலோ. நாலு பேர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், முந்நூறு கிலோவைத் தாண்டுகிறது. நல்ல திட்டம் ஒன்று சந்தாக் காசை மீட்டுக்கொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், தள்ளுபடிக் கூப்பனில் அல்ல.

மீல் கிட்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது

மீல் கிட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே எவ்வளவு பிளாஸ்டிக், எவ்வளவு அட்டை என்று தொடங்குவோம், அது நியாயமான கேள்விதான். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஒரே சாப்பாட்டை கிட்டாகவும் கடையில் பொருள் வாங்கியும் ஒப்பிட்டபோது, கடைவழிச் சாப்பாட்டின் பசுங்குடில் வாயு வெளியீடு சராசரியாக 33 சதவீதம் அதிகமாக இருந்தது. பெட்டியில் பொட்டலம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அளந்து வருவதால் மிச்சமாகி அழுகுவது குறைவு, கடைக்கும் வீட்டுக்கும் கார் ஓட்டுவதும் குறைகிறது. உணவை விளைவிக்கச் செலவாகும் சக்தியோடு ஒப்பிட்டால் அட்டையின் பங்கு சிறியது. இதிலிருந்து மீல் கிட் எல்லா வீட்டுக்கும் பசுமையானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்கியதை வீணாக்காமல், நடந்தே கடைக்குப் போய்வரும் வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கிட்டின் உண்மையான பலம் எதில் என்றால், சமைக்கத் தெரியாதவரைச் சமைக்க வைப்பதில். வீட்டில் ஒருவர் மட்டுமே சமைத்துப் பழகி, மற்றவர் எது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கும் நிலை இருந்தால், பொருள்கள் அளந்து வந்து, படத்தோடு செய்முறையும் இருக்கும்போது அந்தச் சாக்கு போய்விடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையும் செய்துவிடலாம். கொஞ்ச காலம் வாங்கி, வாரத்தில் இரண்டு ராத்திரி இன்னொருவர் பொறுப்பு என்று பழக்கப்படுத்தி, அந்தக் குறிப்பட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு சந்தாவை நிறுத்திவிடலாம். கிட்டுக்கு நான் ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக நல்ல பயன் இதுதான், இதற்காகச் செலவழிப்பது தகும் என்றே நினைக்கிறேன்.

நீண்ட காலத்துக்கு என்று பார்த்தால் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான கிட்டுகள் இரண்டு பேருக்கு அல்லது நான்கு பேருக்கு என்றுதான் வரும், மூன்று பேரோ ஐந்து பேரோ உள்ள வீட்டில் மிஞ்சும் அல்லது போதாது. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான்கு பேருக்கானது நான்கு பேருக்குக் காணாது. அடுத்த பெட்டியை மாற்றவோ தவிர்க்கவோ சில நாள்கள் முன்பே சொல்ல வேண்டும், குடும்பத்தின் வாரம் அவ்வளவு முன்கூட்டித் தெரியாது. அரை மணி நேரம் என்று எழுதியிருப்பதில், நிதானமாகச் செய்பவர் கழுவவும் நறுக்கவும் எடுக்கும் நேரம் அடங்காது. எல்லாவற்றையும் விட, கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் கவனம் தேவை: பல உணவுகளுக்கான பொருள்களை ஒரே இடத்தில் பொட்டலம் கட்டுவதால், பட்டியலில் இல்லாத பொருள் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த வீட்டுக்கு ஆப்தான் நல்லது, பொருளை நீங்களே லேபிள் படித்து வாங்கலாம்.

சமைத்து வரும் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்த வீடு, அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் இருக்கும் வீடு, இரவுப் பணி மாறி மாறி வரும் வீடு, இவற்றுக்கு அது பெரிய உதவி, யோசிக்காமல் வாங்கலாம். உப்பின் அளவை மட்டும் லேபிளில் பாருங்கள். ஒரு நாளைக்கு வயது வந்த ஒருவருக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் அதில் பாதியைத் தாண்டினால் தினசரிக்கு அது ஏற்றதல்ல.

செலவில்லாத இரண்டு வழிகள்

ஏஐ சாட்பாட்டிடம் என் வீட்டில் இவ்வளவு பேர், இவை ஃப்ரிட்ஜில் இருக்கின்றன, ஐந்து ராத்திரிக்குத் திட்டம் கொடு என்றால் சில நொடிகளில் கொடுத்துவிடும். மிச்சம் மீதியை வைத்து என்ன செய்யலாம் என்ற யோசனைக்கு இது ஆப்களை விடவும் நன்றாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் சொல்லும் நிலைமையைக் கேட்டுப் பதில் தருகிறது. ஆனால் அளவுகளில் தவறு வரும், லிஸ்டில் ஒரு பொருள் விட்டுப்போகும். ஒவ்வாமை, எவ்வளவு நாள் வைக்கலாம் என்பது போன்ற கேள்விகளுக்கு அதன் பதிலை மட்டும் நம்பக் கூடாது. அதற்கான விதிகள் எளிமையானவைதான்: சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், திரும்பச் சூடு செய்யும்போது உள்வரை ஆவி பறக்கச் சூடாக வேண்டும். வார இறுதியில் மொத்தமாகச் சமைத்து ஐந்தாறு நாள் ஓட்டலாம் என்று யார் திட்டம் கொடுத்தாலும், பின்பாதி நாள்களுக்கான பங்கு ஃப்ரீசருக்குப் போக வேண்டும்.

நோட்டுப் புத்தக வழிக்கு மரியாதை குறைவாகக் கிடைக்கிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. உங்கள் வீட்டில் எல்லோரும் மறுப்பில்லாமல் சாப்பிடும் சாப்பாடுகளை எழுதினால் பெரும்பாலும் பதினைந்து இருபது தேறும். அதை இரண்டு மூன்று வாரச் சுழற்சியாக அடுக்கி, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வகை என்று வைத்துக்கொண்டால் முடிவெடுக்கும் வேலை முழுவதும் போய்விடும். ஒரு கிழமை முட்டை, ஒரு கிழமை பயறு, ஒரு கிழமை மிச்சத்தைத் தீர்ப்பது என்று இருந்தால் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். சுவரில் ஒட்டியிருப்பதால் யார் முதலில் வீட்டுக்கு வந்தாலும் தொடங்கலாம், கடவுச்சொல் தேவையில்லை. சுழற்சி என்றால் சலிப்பு என்று பயப்படுகிறார்கள். உண்மையில் திட்டமில்லாத வீட்டில்தான் அவசரத்துக்கு அதே இரண்டு சாப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. பிரான்சில் 40,000 பேருக்கும் மேல் பங்கெடுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்விலும், சாப்பாட்டைத் திட்டமிடுபவர்களின் தட்டில் வகை அதிகமாக இருந்தது. திட்டமிட்டதால்தான் அப்படியா, உணவில் அக்கறை உள்ளவர்கள் திட்டமும் போடுகிறார்களா என்பதை அந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது, ஆனாலும் திட்டம் சலிப்பு தரும் என்ற பயத்துக்கு அது நல்ல பதில்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத்தில் நான்காவது காரணம், அதாவது சமைத்தும் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்பது, அதிகமாக வந்திருந்தால் தயவுசெய்து எந்தச் சந்தாவுக்கும் பணம் கட்டாதீர்கள். புது மெனு இதை இன்னும் மோசமாக்கும். புதிய உணவு ஒன்றை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கும் மேல் அது தட்டில் வர வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு புதுச் சாப்பாடு என்று வைக்கும் சேவையில் எதுவுமே இரண்டாம் முறை வராது. அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொன்ன முறை இங்கே உதவும்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் முடிவு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. சாப்பாட்டில் ஏதாவது ஒன்று பிள்ளைக்குப் பழகியதாக இருக்கட்டும், அதன் பக்கத்தில் புதியதைக் கொஞ்சம் வையுங்கள், வற்புறுத்த வேண்டாம். இதற்கு நோட்டுப் புத்தகச் சுழற்சியே போதும். சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர் வீட்டில் இருந்தாலும் ஆப்பில் உள்ள பொதுவான வடிகட்டியை நம்பாமல், உணவியல் நிபுணரிடம் ஒருமுறை போய், அவர் சொல்வதற்கு ஏற்ப உங்கள் சுழற்சியைத் திருத்திக்கொள்வது நல்லது.

சரி, இதெல்லாம் பார்த்த பிறகும் ஆப்போ கிட்டோ எடுப்பது என்று முடிவு செய்தால், இலவசச் சோதனையை விடுமுறை வாரத்தில் தொடங்காதீர்கள், அப்போது எந்தச் சேவையும் நன்றாகத்தான் தெரியும். பரீட்சையும் அலுவலக வேலையும் சேர்ந்து வரும் ஒரு வாரத்தில் தொடங்குங்கள். முதல் நாளே மற்றவர்களின் போனிலும் ஏற்றி, இரண்டாம் வாரத்துத் திட்டத்தை உங்களைத் தவிர வேறொருவரைப் போடச் சொல்லுங்கள். சந்தாவை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அட்டை எண் கொடுப்பதற்கு முன்பே தேடிப் பாருங்கள். போன் பண்ணிப் பேசினால்தான் நிறுத்த முடியும் என்று இருந்தால் வேறு சேவையைப் பாருங்கள். சோதனைக் காலம் முடியும் முந்தைய நாளுக்கு எல்லோருடைய போனிலும் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அந்த இரண்டாம் வாரத்தில் வேறொருவர் போட்ட திட்டப்படி வீட்டில் சாப்பாடு நடந்திருந்தால் பணம் கட்டலாம்.